ஊசி போட்டும் ஏன் இறந்தார்கள்? தாத்தாவின் கேள்விக்கு நான் தேடிய பதில்

“ஊசிதான் போட்டாங்களே, அப்புறம் ஏம்மா செத்துப் போனாங்க?”

கடந்த தீபாவளி விடுமுறையில் தாத்தா என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தடுப்பூசி பற்றிப் படிப்பதாகச் சொன்னதும், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மனத்தில் வைத்திருந்ததை அவர் கேட்டுவிட்டார்.

தாத்தா 1990களில் நெகிரி செம்பிலானில் தீவன லாரி ஓட்டியவர். புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தில் இருந்த பன்றிப் பண்ணைகளுக்கு வாரம் மூன்று, நான்கு முறை போய்வருவார். ஒரு பண்ணையில் மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவர் அவருக்கு நெருங்கிய நண்பர். 1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் காய்ச்சல் பரவியபோது, கொசுவை ஒழிக்கப் புகை அடித்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் போட்டார்கள். தாத்தாவும் நண்பரும் ஒரே வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டார்கள். சில வாரங்கள் கழித்து நண்பருக்குக் காய்ச்சல், தலைவலி. பிறகு நினைவு தப்பியது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அன்று தாத்தாவுக்கு நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எதிர்ப்பொருள், நினைவாற்றல் கொண்ட உயிரணு என்று பாடத்தில் படித்ததையெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் அவருக்குப் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. உண்மையில் எனக்கே முழுதாகப் புரியவில்லை. இந்த ஆண்டு ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகுதான் அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதைக் கண்டுகொண்டேன்.

வேறு எதிரிக்குப் போட்ட ஊசி

முதல் கேள்விக்கான விடை எளிது. அந்த ஊசி வேறொரு கிருமிக்கானது.

நோய் 1998 செப்டம்பரில் பேராக்கில், ஈப்போ வட்டாரத்துப் பண்ணைகளில் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் பன்றிகளோடு தொடர்புடையது. கொசு வழியாக மனிதனுக்கு வருவது. ஆகவே முதலில் அதன்மீது சந்தேகம் விழுந்தது இயல்புதான். ஆனால் சில விவரங்கள் அதற்குப் பொருந்தவில்லை. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். அதே கொசுக்கடியில் வாழ்ந்த, பண்ணைக்குள் போகாத அக்கம்பக்கத்தாருக்கு நோய் வரவில்லை. பன்றிகளும் பலமாக இருமின. தடுப்பூசி போட்டவர்களும் படுக்கையில் விழுந்தார்கள்.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த மாதிரியில் புதிய கிருமி ஒன்றைக் கண்டறிந்தார். அந்தக் கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அதுதான் நிப்பா. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். இங்கிருந்து கொண்டுபோன பன்றிகள் வழியாகச் சிங்கப்பூரில் இறைச்சிக்கூட ஊழியர்கள் 11 பேருக்குத் தொற்றியது, ஒருவர் இறந்தார். நோயைத் தடுக்கப் பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொல்லப்பட்டன. இந்தக் கிருமியின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பது பின்னர் உறுதியானது. தியோமான் தீவு வௌவால்களின் சிறுநீரிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

நம் உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் ஒரு கிருமியை அதன் மேற்பரப்பைப் பார்த்துத்தான் பெரும்பாலும் அடையாளம் காண்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியின் மேலுறைப் புரதம் வேறு, நிப்பாவின் மேலுறைப் புரதங்கள் வேறு. ஒன்றைப் பிடிக்கப் பழகிய எதிர்ப்பொருள் மற்றொன்றைக் கண்டுகொள்ளாது. ஊசி தன் வேலையைச் சரியாகவே செய்தது. வந்த எதிரி வேறு.

ஒட்டுவது ஒன்று, துளைப்பது ஒன்று

நிப்பாவின் மேலுறையில் இரண்டு முக்கியப் புரதங்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஒன்றின் பெயர் ‘ஜி’, மற்றொன்று ‘எஃப்’.

ஜி புரதத்தின் வேலை ஒட்டிக்கொள்வது. நம் இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்பணுக்களிலும் எஃப்ரின் பி2 என்ற மூலக்கூறு இருக்கிறது. ஜி அதைத்தான் பற்றிக்கொள்கிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள். நிப்பா ஏன் மூளையையும் இரத்தக் குழாய்களையும் தாக்குகிறது என்பது இதிலிருந்து விளங்குகிறது. ஜி பற்றியதும் எஃப் தன் வடிவத்தை மாற்றி, மீன் குத்தும் ஈட்டியைப் போல நம் உயிரணுவின் சவ்வில் பாய்ந்து, கிருமியின் உறையை அதனோடு இணைத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் மரபுப்பொருள் உயிரணுவுக்குள் நுழைகிறது.

அப்படியானால், ஜி புரதத்தின் மேல் ஓர் எதிர்ப்பொருள் போய் உட்கார்ந்துவிட்டால்? கிருமியால் ஒட்டவே முடியாது.

இந்த எண்ணத்தின் அடிப்படையில்தான் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் புரோடரின் ஆய்வுக்குழு ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. அவர்கள் எடுத்துக்கொண்டது நிப்பாவின் நெருங்கிய உறவான ஹெண்ட்ரா கிருமியின் ஜி புரதத்தை. ஹெண்ட்ரா, 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பன் நகரில் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற கிருமி. உறையில் ஊன்றியிருக்கும் அடிப்பகுதியை நீக்கிவிட்டு, தலைப்பகுதியை மட்டும் தனியாகத் தயாரித்தார்கள். அதில் கிருமி இல்லை, மரபுப்பொருள் இல்லை. நோயை உண்டாக்க வழியே இல்லை. ஆனால் அதைக் கண்ட உடல், ஹெண்ட்ரா, நிப்பா இரண்டையும் தடுக்கும் எதிர்ப்பொருள்களை உருவாக்கியது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

மஞ்சள் நிறம் சொல்லாதது

இந்தப் பருவத்தில் என் ஆய்வுத் திட்டத்துக்காகச் சில வெள்ளைச் சுண்டெலிகளுக்கு ஒரு வைரஸ் புரதத்தின் துண்டை ஊசி வழியாகச் செலுத்தினோம். ஆபத்தில்லாத துண்டு அது, நிப்பாவோடு தொடர்பில்லாதது. பல்கலைக்கழகத்தின் விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி தந்த பிறகே தொடங்கினோம். எத்தனை எலிகள், ஏன் அத்தனை, வலி தெரியாமல் இருக்க என்ன ஏற்பாடு என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது.

எலியைக் கையில் பிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. முதல் நாள் அது என் கையுறையைக் கடித்தது. பிறகு பழகிவிட்டது. நானும் பழகிவிட்டேன்.

சில வாரங்களில் இரத்தம் எடுத்து, ‘எலைசா’ சோதனை செய்தோம். 96 சிறு குழிகள் கொண்ட தட்டு. எதிர்ப்பொருள் இருந்தால் குழியில் மஞ்சள் நிறம் தெரியும். ஊசி போடாத எலிகளின் குழிகள் வெளிறிக் கிடந்தன. ஊசி போட்டவற்றின் குழிகள் பளிச்சென்று மஞ்சளாக நின்றன. ஆய்வுக்கூடத்திலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. தட்டைப் படம் எடுத்து என் மேற்பார்வையாளரிடம் ஓடினேன்.

அவர் படத்தைப் பார்த்தார். “நல்லது. எதிர்ப்பொருள் இருக்கிறது. பாதுகாப்பு இருக்கிறதா?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. “இரண்டும் ஒன்றுதானே?” என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, “பன்றிகளைப் பற்றிப் படித்துவிட்டு வா” என்றார்.

எந்த விலங்கிடம் கேட்பது?

பன்றிக்குப் போகுமுன் வேறு சில விலங்குகளைப் பார்க்க வேண்டும்.

நிப்பா தடுப்பூசியை மனிதர்களிடம் வழக்கமான முறையில் சோதிப்பது மிகக் கடினம். கோவிட் தடுப்பூசிக்கு ஆயிரக்கணக்கானோர் பங்கேற்றார்கள். நோய் எங்கும் பரவியிருந்ததால் ஊசி போட்டவர், போடாதவர் என ஒப்பிட முடிந்தது. நிப்பா எப்போது, எங்கே வரும் என்று தெரியாது. வந்தாலும் சிலரையோ சில பத்துப் பேரையோ தாக்கிவிட்டு மறைந்துவிடும். வேண்டுமென்றே ஒருவருக்குத் தொற்ற வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதனால், ஊசி காக்குமா என்ற கேள்விக்கு விலங்குகள் தரும் சாட்சியைப் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. மனிதச் சோதனை நியாயமாகச் செய்ய முடியாத நோய்களுக்கு, தகுந்த விலங்கு ஆய்வுகளின் அடிப்படையில் மருந்துகளை அங்கீகரிக்க அமெரிக்கா 2002இல் ஒரு விதியையே கொண்டுவந்தது.

சாட்சி முக்கியமானால், சாட்சியின் தகுதியும் முக்கியம்.

சாதாரண வளர்ந்த சுண்டெலிக்கு நிப்பாவைச் செலுத்தினால் அது பொதுவாக நோயுறுவதில்லை. எனவே ஊசி போட்ட எலி பிழைத்தது என்று சொல்வதில் பொருளில்லை. போடாத எலியும் பிழைத்திருக்கும். எலியிடம் எதிர்ப்பொருள் உருவாகிறதா என்று கேட்கலாம். உயிரைக் காக்குமா என்று கேட்க முடியாது.

தங்கநிற ஹேம்ஸ்டருக்கு மனிதனைப் போலவே இரத்தக் குழாய்களும் மூளையும் பாதிக்கப்படுகின்றன என்பது 2003இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டே ஒரு முக்கியச் செய்தி வந்தது. ஜி, எஃப் புரதங்களைக் காட்டும் தடுப்பூசி ஹேம்ஸ்டர்களைக் காத்தது. அதோடு, ஊசி போட்ட ஹேம்ஸ்டரின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்களை ஊசி போடாத ஹேம்ஸ்டருக்குச் செலுத்தியபோது அதுவும் பிழைத்தது. மேற்பரப்புப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டுமே உயிர் காக்க முடியும் என்பதற்கு இது நேரடிச் சான்று.

பிறகு பூனைகள், கீரியைப் போல நீண்ட உடல் கொண்ட ஃபெரெட்டுகள் ஆகியவற்றிடம் ஹெண்ட்ராவின் ஜி புரதத் தடுப்பூசி சோதிக்கப்பட்டது. அவை தப்பின. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குக்கு நிப்பாவால் வரும் நோய் மனிதனுக்கு வருவதை மிகவும் ஒத்திருக்கும். 2012இல் வெளியான ஆய்வில் ஊசி பெற்ற குரங்குகளும் தப்பின. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் அந்தப் புரதத்தை வைத்தே குதிரைகளுக்கான ஹெண்ட்ரா தடுப்பூசி விற்பனைக்கு வந்தது. குதிரைக்கு நோய் வராவிட்டால், குதிரையிடமிருந்து மனிதனுக்கும் வராது.

ஆக, ஹேம்ஸ்டர், பூனை, ஃபெரெட், குரங்கு, குதிரை என எல்லாச் சாட்சிகளும் ஒரே பக்கம்.

பன்றி சொன்ன வேறு பதில்

மலேசியாவில் மனிதனுக்கு நோயைக் கொண்டுவந்தது பன்றி. குதிரையைக் காக்கும் அதே புரதம் பன்றியையும் காக்குமா? கனடாவின் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள்.

பன்றிகளுக்கு ஹெண்ட்ராவின் ஜி புரத ஊசி போட்டார்கள். எதிர்ப்பொருள் உருவானது. ஹெண்ட்ராவுக்கு எதிராக, பாதுகாப்பு தரும் என்று கருதப்பட்ட அளவையும் அது எட்டியது. என் தட்டில் தெரிந்ததைப் போன்ற முடிவு. ஆனால் உண்மையான ஹெண்ட்ரா கிருமியைச் செலுத்தியபோது, அந்தப் பன்றிகளுக்குக் கிடைத்தது பகுதிப் பாதுகாப்பு மட்டுமே. நிப்பாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் போதிய அளவை எட்டவில்லை. நிப்பா செலுத்தப்பட்ட பன்றிகளுக்குப் பாதுகாப்பே கிடைக்கவில்லை.

என்ன குறைந்தது? நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு இரண்டு கைகள் உண்டு. பி உயிரணுக்கள் எதிர்ப்பொருளை உருவாக்கும். அது உயிரணுவுக்கு வெளியே திரியும் கிருமியைப் பிடிக்கும். டி உயிரணுக்கள், கிருமி புகுந்துவிட்ட உயிரணுவையே கண்டுபிடித்து அழிக்கும். ஊசி போட்ட அந்தப் பன்றிகளிடம் இரண்டாவது கை விழித்ததாகத் தெரியவில்லை. முன்பே ஹெண்ட்ரா தொற்றி மீண்ட பன்றிகளிடம் இரண்டு கைகளும் வேலை செய்தன. அவை நிப்பாவிலிருந்தும் தப்பின.

இன்னொரு செய்தியும் இதோடு பொருந்துகிறது. 2006இல் வெளியான வேறோர் ஆய்வில், கேனரிப் பறவையைத் தாக்கும் அம்மைக் கிருமியின் வழியாக நிப்பாவின் ஜி, எஃப் புரதங்களுக்கான மரபணுக்களைப் பன்றிக்குள் அனுப்பினார்கள். அந்தப் பன்றிகள் பாதுகாக்கப்பட்டன. இந்த முறையில் புரதம் விலங்கின் உயிரணுவுக்குள்ளேயே தயாராகிறது. டி உயிரணுக்களையும் எழுப்ப அது வழிசெய்யும்.

புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். அதை உடலுக்குக் காட்டும் முறையும், பார்க்கும் உடலும் மாறும்போது விடை மாறுகிறது. மஞ்சள் குழிகளைப் பார்த்து நான் குதித்தது எவ்வளவு அவசரம் என்று அப்போது புரிந்தது. எதிர்ப்பொருளை அளப்பது தேவை, ஆனால் அது பாதுகாப்புக்குச் சமம் அல்ல. எந்த விலங்கில், எந்த நோய்க்கு, எவ்வளவு எதிர்ப்பொருள் போதும் என்பதை ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும்.

அந்த எலிகளுக்கு என்ன ஆனது?

ஆய்வு முடிந்ததும் என் எலிகள் வலியில்லாத முறையில் கொல்லப்பட்டன. மண்ணீரலில் இருக்கும் டி உயிரணுக்களைப் பார்க்க வேறு வழி இல்லை. அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை.

விலங்கு ஆய்வுக்கு 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு அறிவியலாளர்கள் மூன்று விதிகளை வகுத்தார்கள்: முடிந்தால் விலங்குக்குப் பதில் வேறு வழியைப் பயன்படுத்து, பயன்படுத்தினால் எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்திருந்த விதிகள்தாம் இவை. இப்போது நான்காவதாக ஒன்றை எனக்கு நானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன்: அந்த விலங்கு பதில் சொல்ல முடியாத கேள்வியை அதனிடம் கேட்காதே. நிப்பாவால் நோயுறாத விலங்கை வைத்து நிப்பாவிலிருந்து பாதுகாப்பு உண்டா என்று சோதித்தால், அந்த உயிர் வீணாகப் போகும். மேற்பார்வையாளரின் ஒரு கேள்வி எனக்குச் சுட்டது அதனால்தான். என் எலிகள் தந்த பதிலைவிடப் பெரிய பதிலை அவற்றின் பெயரில் நான் சொல்லப் பார்த்தேன்.

மாணவ நண்பர்களே, ‘புதிய தடுப்பூசி விலங்குகளிடம் வெற்றி’ என்ற தலைப்பைச் செய்திகளில் அடிக்கடி பார்ப்பீர்கள். பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எந்த விலங்கு? அந்த விலங்குக்கு அந்த நோய் மனிதனுக்கு வருவதைப் போலவே வருமா? எதிர்ப்பொருளை அளந்ததோடு நிறுத்தினார்களா, கிருமியைச் செலுத்தியும் பார்த்தார்களா? உயிரியல் பாடம் எடுக்காதவர்களும் இவற்றைக் கேட்கலாம்.

தாத்தாவிடம் மீண்டும்

சென்ற மாதம் வீட்டுக்குப் போனபோது, ஒரு பூட்டையும் இரண்டு சாவிகளையும் மேசைமேல் வைத்து தாத்தாவிடம் பேசினேன். இம்முறை பாடப்புத்தகச் சொற்கள் இல்லை. அன்று போட்ட ஊசி நல்ல ஊசிதான், ஆனால் வேறு கிருமிக்கு. நிப்பா என்ற கிருமி இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது என்றேன்.

“இப்பத் தெரியுமில்ல? ஊசி வந்துருச்சா?” என்றார்.

குதிரைக்கு வந்திருக்கிறது, மனிதனுக்கு இன்னும் அங்கீகரிக்கப்பட்ட ஊசி இல்லை என்றேன். ஹெண்ட்ராவின் ஜி புரத ஊசியும் வேறு சிலவும் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைக்கு வந்திருக்கின்றன. ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் நிப்பா தடுப்பூசிச் சோதனை 2024 ஜனவரியில் தொடங்கியது. பங்களாதேஷில் 2001 முதல் நிப்பா மீண்டும் மீண்டும் வருகிறது. 2018இல் கேரளாவிலும் உயிர்களைப் பறித்தது. இதையெல்லாம் சொன்னேன். எலியையும் பன்றியையும் பற்றிச் சொன்னேன்.

தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, இராணுவ வீரர்கள் வந்து பன்றிகளைச் சுட்ட நாள்களைப் பற்றிச் சொன்னார். சாலையில் லாரியை நிறுத்திவிட்டு அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாராம். அதற்குமுன் இதை அவர் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

“அதுங்களும் பாவம்மா. அவரும் பாவம்,” என்றார். “நீ ஒழுங்கா படி.”

அடுத்த பருவத்தில் டி உயிரணுக்களை அளக்கும் முறையைக் கற்க விண்ணப்பித்திருக்கிறேன். விண்ணப்பத்தில் ‘ஏன் இந்தத் துறை?’ என்ற கட்டம் இருந்தது. தாத்தாவின் கேள்வியைத்தான் அதில் எழுதினேன்.